தலையாட்டும் எம்.எல்.ஏ.

வேப்பங்குளத்துக்காரர்களின் குறைகளை எம்.எல்.ஏ. காணொளியில்தான் கேட்பார். ஊராட்சி அலுவலக டிவியில் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் ஒரே தலையாட்டல். குடிதண்ணீர் மட்டும் வந்தபாடில்லை.

ஒன்பது ஆட்டலுக்கு ஒருமுறை அவர் காதைச் சொறிவதை, அங்கே கூட்டிப் பெருக்கும் சடைச்சி எண்ணிப் பார்த்தாள். ஆள் வரவேயில்லை, ஓடுவது பழைய பதிவு என்று புரிந்துவிட்டது.

"ஐயா, உங்க வீட்டு போர்த் தண்ணிய நாங்க எடுத்துக்கலாமா?"

தலையாட்டினார். அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஊரே குடத்தோடு அவர் வாசலில் நின்றது. பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

"நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?" என்று சீறினார் எம்.எல்.ஏ.

சடைச்சி செல்போனைக் காட்டினாள். "நேத்து டிவியில உட்கார்ந்து தலையாட்டினது நீங்க இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, இப்பவே திரும்பிப் போயிடுறோம்."

எம்.எல்.ஏ. பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். பிறகு தானே போய் மோட்டாரைப் போட்டார்.