திருடி நல்லவளா?

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி மாயக்கதை ஆடும் கூட்டம் ஒன்று இருந்தது. கதையை நடத்தும் கிருபாகரன் வைத்ததுதான் அங்கே சட்டம். புதிதாகச் சேர்ந்த இசக்கி திருடியாக ஆடினாள். "என் திருடி நல்லவ" என்று அவள் சொன்னதிலிருந்து, வீரனாக ஆடிய ரெக்ஸ்லினுக்குச் சந்தேகம். கதையில் வந்த குகையின் ஒவ்வொரு அறையிலும் அவள் பையைச் சோதித்தான்.

கடைசியில் அங்கிருந்த டிராகனைக் கொன்று, வெளியேறும் வாசலுக்கு வந்தார்கள்.

"இங்க ஒரு மாயவிளக்கு எரியுது" என்றான் கிருபாகரன். "அடுத்தவங்க கொடுக்காத பொருளை வச்சிருக்கிறவங்க கடந்தா அணைஞ்சிரும். அவங்க செத்தாங்க, ஆட்டத்தை விட்டும் போயிரணும். இசக்கி, முதல்ல நீ போ."

இசக்கி கடந்தாள். விளக்கு அணையவில்லை.

"எங்கேயோ ஒளிச்சிருக்கா!" என்று கத்தினான் ரெக்ஸ்லின்.

"எல்லாரும் என் பையையே பார்த்துட்டிருந்தா நான் எதை எடுக்க? வீரரே, உங்க மூட்டையில உள்ள தங்கம் யாரோடது?"

"டிராகனோடது."

"அது கொடுத்துச்சா?"

"வீரன் நல்லவன்தானே!" என்றான் கிருபாகரன்.

"அது விளக்குக்குத் தெரியாதே அண்ணாச்சி. நீங்க சொன்ன சட்டம்தான் தெரியும்."

ரெக்ஸ்லின் தங்கத்தை வாசலிலேயே கொட்டினான்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள் இசக்கி.

ரெக்ஸ்லின் தலைகுனிந்தான். "பூட்ஸுக்குள்ள ஒளிச்சிருந்த மரகதத்தையும் போட்டுட்டேன்."