எட்டை ஓர் எண்ணிலிருந்து

தில்லைநாயகம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர். தலை நரைக்கும்வரை அந்த ஒரே வேலையைச் செய்தவர். இன்னொருவரிடம் போய் வழி கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று கேட்டார்.

பூமயில் என்ற மாணவியின் அப்பா காலையில் வந்திருந்தார்.

"இவ தேறுவாளா சார்? மாட்டான்னா சொல்லிருங்க. பஞ்சாலையில சேத்து விட்டுர்றேன்."

சாயந்திரம் பதில் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தார் தில்லைநாயகம்.

தமிழாசிரியை அங்கயற்கண்ணிக்குத் தில்லைநாயகத்தின் மகள் வயதுதான் இருக்கும். பணிக்கு வந்தும் அதிக நாள் ஆகவில்லை. ஆனால் பூமயில் வாய் திறப்பது அந்த அம்மாள் வகுப்பில் மட்டும்தான் என்று பள்ளியில் பேச்சு.

"டீச்சர், நானும் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். அந்தப் புள்ள மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"எந்தக் கணக்கு சார்?"

"எட்டை ஓர் எண்ணிலிருந்து கழித்தால் பன்னிரண்டு. அந்த எண் என்ன? இதுதான் கணக்கு. அவ எட்டுல இருந்து எண்ணைக் கழிக்கிறா. எப்பவும் தலைகீழ்."

அங்கயற்கண்ணி சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு இப்ப அங்கதான் வகுப்பு. வாங்க சார்."

தில்லைநாயகம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் ஒரு வரி விழுந்தது: பூனையை நாய் துரத்தியது.

"பூமயில், எது எதைத் துரத்துது?"

"நாய் பூனையை, டீச்சர்."

"முன்னால நிக்கிறது பூனைதானே?"

"நின்னா என்ன டீச்சர்? 'ஐ' அதுமேலதானே இருக்கு!"

வகுப்பு சிரித்தது. அங்கயற்கண்ணி அந்த வரிக்குக் கீழே கணக்கை எழுதினார். சாக்பீஸைப் பூமயிலிடம் நீட்டினார்.

பூமயில் எழுந்து வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'எட்டை' என்பதன் கீழ் ஒரு கோடு இழுத்தாள். 'எண்ணிலிருந்து' என்பதன் கீழ் இன்னொன்று. பிறகு எழுதினாள்: x − 8 = 12. அதன்கீழ், x = 20.

தில்லைநாயகம் எழுந்துவிட்டார்.

"இதே வரியைத்தானேம்மா நேத்து நானும் குடுத்தேன்? அப்ப ஏன் தப்பாப் போட்ட?"

பூமயிலின் குரல் இறங்கிப்போனது.

"அது கணக்குன்னு நெனச்சேன் சார்."

"நெனச்சு?"

"எண்ணுக்கெல்லாம் வட்டம் போட்டேன். 'கழி'ன்னு இருந்துச்சு, முன்னால நின்னதுல இருந்து பின்னால நின்னதைக் கழிச்சிட்டேன். மத்த எழுத்தெல்லாம் பாக்கலை. நீங்க அப்பிடித்தான சார் சொல்லிக் குடுத்தீங்க."

தில்லைநாயகம் உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை எழவில்லை.

சாயந்திரம் பூமயிலின் அப்பா வந்தார்.

"படிக்கட்டும்," என்றார் தில்லைநாயகம். "பஞ்சாலைப் பேச்சை விடுங்க."

"தேறிருவாளா சார்?"

"தேறுவா. நான் பாத்துக்கிடுதேன்."

அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டிப் போனார்கள். தில்லைநாயகம் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற அங்கயற்கண்ணியிடம் சொன்னார்.

"இவளுக்குக் கணக்கு வரலைன்னுதான் இவ்வளவு நாளும் சொல்லிட்டுத் திரிஞ்சேன் டீச்சர்."

"'இவளுக்குக் கணக்கு வரலை'ங்கிற வாக்கியத்துல எழுவாய் எது சார்?"

"அவ..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "கணக்கு."

"ஆமா சார். கணக்குதான் வரலை. அவ தினமும் வந்துட்டுத்தான் இருந்தா."