செம்பியின் குட்டிக்கு எவ்வளவு பால்?

ஏரிக்கரைப் புல்வெளியில் செம்பி என்றொரு முயல் இருந்தாள். தலைச்சன் குட்டி பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. குட்டி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். செம்பியின் கவலையோ அந்தப் புல்வெளிக்குள்ளும் அடங்காது!

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் வரும். குட்டி இருக்கும் இடம்வரை நடந்து போகாது. கொஞ்சம் முன்பே நின்று ஒரே தாவாகத் தாவி இறங்கும். வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு மறுபடி தாவிப் போய்விடும். அப்புறம் மறுநாள் சாயங்காலம்தான். முயல்பால் அவ்வளவு கெட்டி. குட்டிக்கு வாடை கிடையாது, வயிறு நிறைந்திருந்தால் சத்தமும் போடாது. தாய் பக்கத்தில் இல்லாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

செம்பியும் ஒழுங்காக அப்படித்தான் செய்துவந்தாள். ஒரு நாள் காலை, பக்கத்துப் பனைமரப் பொந்தில் குடியிருந்த மைனா வாயைத் திறந்தாள்.

"ஏண்டி செம்பி, பிள்ளைக்குப் பால் கொடுத்தியா?"

"நேத்து சாயங்காலம் கொடுத்தேன் அக்கா."

"நேத்தா! அடிப்பாவி! பச்சப்பிள்ளையைப் பட்டினி போட்டுட்டு இங்க உக்காந்து மேயறியா?"

"எங்க வழக்கம் அப்படிக்கா..."

"என்ன பொல்லாத வழக்கம்! நான் விடிஞ்சா அடைஞ்சா புழுவும் வெட்டுக்கிளியுமா கொண்டாந்து கொட்டறேன். எம்பிள்ளைங்க தொறந்த வாயை மூடறதே இல்லை. எப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்க பாரு! வெறும் பால் எந்த மூலைக்குக் காணும்? கெட்டியா ஏதாச்சும் ஊட்டு!"

மைனா கெட்டவள் இல்லை. தன் பிள்ளைக்குச் சரியானது ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் சரி என்று நினைப்பவள், அவ்வளவுதான். ஆனால் செம்பி மேய்வதை விட்டுவிட்டாள். 'ஐயோ, என் பிள்ளை இளைச்சுப் போயிருக்குமோ? கத்தத் தெம்பில்லாமத்தான் சும்மா கிடக்குதோ?'

வெயில் ஏறும் நேரத்திலேயே ஓடினாள். குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிப் பால் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஐயையோ, குடிக்க மாட்டேங்குதே!"

கவலை இரட்டிப்பானது. போனாள், வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் இளம் அருகம்புல்லை மென்று அதன் வாயில் திணித்தாள். குட்டி விக்கியது, இருமியது, துப்பியது.

"துப்பறியா? உனக்காக நான் படற பாடு தெரியுதா?" என்று செம்பி அழாத குறையாகத் திட்டினாள்.

போக வர, போக வர, புல் படிந்து ஒரு தடம் விழுந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

நரி கவனித்தான்!

மதியம் தாண்டி செம்பி மறுபடி வந்தபோது, நரி அந்தத் தடத்தின் மேலேயே மூக்கை வைத்து நடந்துகொண்டிருந்தான். செம்பி சட்டென்று கள்ளிப்புதருக்குள் நுழைந்து பதுங்கினாள்.

தடம் ஓரிடத்தில் முடிந்தது. எத்தனை பதற்றத்திலும் அந்தக் கடைசித் தாவலை மட்டும் அவள் விட்டிருக்கவில்லை. நரி சுற்றிச் சுற்றி முகர்ந்தான். பால்வாடை அடித்தது, குட்டியைக் காணவில்லை. இன்னும் ஒரு தாவு தூரத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

நரி யோசித்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து, நாலு பக்கமும் கேட்கும்படி பேசத் தொடங்கினான்.

"அம்மா மகராசி! பக்கத்துலதான் எங்கயோ இருக்கேன்னு தெரியும். பாவம் உன் குட்டி! பசியில துடிக்குது. வந்து ஒரு வாய் பால் கொடுத்துட்டுப் போயேன்! நான் கண்ணை மூடிக்கறேன்!"

செம்பியின் கால்கள் தாமாகவே எழுந்தன. போனால் நரி பின்னாலேயே வருவான். போகாவிட்டால் குட்டி பசியில் கத்தும். கத்தினால் அதோடு முடிந்தது. மைனா சொன்னது உண்மையாக இருந்தால், அது இப்போதே கத்த வேண்டும்.

"தொண்டை வறண்டு கிடக்குது உன் பிள்ளை! நீயெல்லாம் ஒரு தாயா?" என்றான் நரி.

அந்தச் சொல் செம்பியைக் குத்திவிட்டது. கண்ணீர் வழிந்தது. குட்டியிடம் ஓடிவிடலாம் என்று கிளம்பப் பார்த்தாள். அப்போதுதான் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஒவ்வொரு தடவையும்! 'அதுக்குப் பேச வாய் இல்லை. ஆனா, போதும்மா போதும்னு அப்பவே சொல்லிச்சே! நான்தான் கேக்கலை.'

அவள் அசையாமல் கிடந்தாள். நல்லவேளை, அந்தப் புல்லை அது துப்பியது! விழுங்கியிருந்தால் வயிற்றுவலியில் இந்நேரம் கத்தியிருக்கும்.

வெயில் மெல்ல மெல்ல இறங்கியது. நரி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். குட்டியிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. திடீரென்று ஒரு வயிறு கடமுடவென்று இரைந்தது. அது நரியின் வயிறு!

"சே! இங்க ஒண்ணும் இல்லை. நண்டாவது பிடிப்போம்" என்று அலுத்துக்கொண்டே அவன் ஏரிப் பக்கம் போனான்.

செம்பி உடனே ஓடவில்லை. பொழுது சாயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். பிறகு வேறு பக்கமாகச் சுற்றிப் போய்த் தாவினாள்.

குட்டி விழித்திருந்தது. இப்போது அதற்கு நிஜமாகவே பசி. தாயை முட்டி மோதி, மூச்சு வாங்க மூச்சு வாங்கக் குடித்தது. வயிறு குண்டானதும் தானே வாயை எடுத்துவிட்டு, அப்படியே தூங்கிப்போனது. செம்பி அதை நக்கிக் கொடுத்தபடியே அழுதாள். "மன்னிச்சுக்கடா தங்கம்!" பிறகு அதைக் கவ்வி எடுத்துப்போய், தூரத்து ஆவாரம்புதரில் வைத்தாள்.

மறுநாள் காலை மைனா பொந்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இன்னிக்கு எத்தனை தடவைடி கொடுத்தே?"

"பசிக்கிறப்போ கொடுப்பேன் அக்கா!" என்றாள் செம்பி, புல்லைக் கடித்துக்கொண்டே.

"அதுக்குப் பசிக்கலைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அதுவேதான் சொல்லிச்சு!"

பிள்ளைக்கு எவ்வளவு ஊட்ட வேண்டும் என்பதை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யாமல், நம் பிள்ளையின் பசியையும் வளர்ச்சியையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.