ஆட்காட்டி வாயை மூடிய மாலை

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் மரநாய் ஒன்று கள்ளுக்கடை வைத்திருந்தது. சடையன் என்று பெயர். சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் கைப்பக்குவம் இருந்தது! பனங்கள்ளில் நாவல்பழம் ஊறவைக்கும். ஈச்சங்கள்ளில் இலுப்பைப்பூ போடும். தொட்டுக்கொள்ள ஒரு நாள் ஈசல் வறுவல், ஒரு நாள் நத்தைத் தொக்கு. பொழுது சாய்ந்தால் கரை நிரம்பிவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு நரிதான் காரணம். எந்தக் கடை உசத்தி என்று காடெல்லாம் சொல்லித் திரிவதே அதன் பிழைப்பு. அது "ஆகா!" என்றால் கூட்டம் அலைமோதும். "ப்ச்" என்றால் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கடைக்குப் பக்கத்தில், கூழாங்கல் தரையில், ஓர் ஆட்காட்டிக் குருவி குடியிருந்தது. கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெறும் தரையில் ஒரு சின்னக் குழி. அதில் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். புல் அசைந்தால் போதும், குருவி எழும்பிக் காடே அதிரக் கத்தும். சிறுத்தை வருவது குடிகாரர்களுக்குத் தெரிவதே அந்தக் குரலால்தான். கேட்டதும் கலயத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள்.

"காவலுக்கு ஆள் வைத்திருக்கிறேன், தைரியமாகக் குடியுங்கள்!" என்று சடையன் பீற்றிக்கொள்ளும்.

வைத்ததாம்! அந்தக் குருவிக்கு ஒரு புழுவாவது கொடுத்திருக்குமா?

ஒரு நாள் நரி நத்தைத் தொக்கை முகர்ந்து பார்த்துவிட்டு இலையைத் தள்ளியது.

"என்ன சடையா, மறுபடியும் நத்தையா?"

"போன வாரம் பிரமாதம்னு சொன்னீங்களே, அண்ணே!"

"அது போன வாரம்! யாரும் தின்னாத ஒண்ணைக் கொண்டா. இல்லேன்னா நாளைக்கே ஆத்தோரத்து உடும்பு கடைக்குப் போயிடுவேன்!"

சடையன் நத்தைத் தொக்குச் சட்டியைக் குளத்தில் கவிழ்த்தது.

மறுநாள் உச்சி வெயில். கல்லெல்லாம் கொதித்தது. வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கலாம் என்று ஆட்காட்டி குளத்துக்குக் கிளம்பியது.

"சடையா, கொஞ்சம் பாத்துக்கப்பா. நனைச்சிட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாக்கா! நான் இல்லையா?"

எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. யார் கிட்டே வந்தாலும் கத்துகிற குருவி அது. பக்கத்து வீடு என்ற நம்பிக்கையில் இந்தப் பாவியைப் பார்த்து மட்டும் கத்தவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்த வயிற்றோடு அது திரும்பி வந்தபோது குழி காலியாக இருந்தது.

அன்று மாலை கடையில் ஒரே கும்மாளம். முட்டைகளைப் புளித்த கள்ளில் வேகவைத்து, காட்டு மிளகு தூவி, பூவரச இலையில் வைத்து நீட்டியது சடையன்.

"ஆகா! இதுதான்யா சாப்பாடு!" என்று நரி துள்ளியது. "காட்டிலேயே எனக்குப் பிடிச்ச கடை இதுதான்!"

காட்டுப்பன்றி தன் பங்கை ஓட்டோடு மென்றது. புள்ளி போட்ட ஓடுகள் தரையில் கிடந்தன. யாருடைய முட்டை என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவராவது கேட்க வேண்டுமே!

ஆட்காட்டி வந்து நின்றது.

"உள்ளே குஞ்சு அசையற சத்தம் காலையில கேட்டேண்டா! அதையாடா தின்னீங்க?"

நரி இலையை நக்கிக்கொண்டே சொன்னது: "அடுத்த மழைக்கு வேற முட்டை போட்டுக்கலாம்க்கா. இதுக்கா இவ்வளவு கத்தல்?"

"கோவிச்சுக்காதேக்கா," என்று சடையன் குழைந்தது. "காவலை மட்டும் விட்டுடாதே!"

"காவலா? உங்களுக்காகவாடா நான் கத்தினேன்? என் முட்டைக்காகக் கத்தினேன். அதுல நீங்க பிழைச்சீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கலயம் வந்தது. ஆட்காட்டி பறந்துபோய்ப் பாறை மேல் உட்கார்ந்தது.

சற்று நேரத்தில் புல் அசைந்தது. சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வருவதைக் குருவி பார்த்தது. பழக்கத்தில் கத்த வாயைத் திறந்தது. கீழே காலிக் குழி தெரிந்தது. வாயை மூடிக்கொண்டது.

"சடையா, இன்னொரு இலை!" என்று நரி கூவியது. அதுதான் நரி கடைசியாகக் கேட்ட சாப்பாடு. சிறுத்தை அதன் கழுத்தைக் கவ்வியது. சடையன் பனைமரத்தில் ஏறப் பார்த்தது. கள்ளேறிய கால் வழுக்கியது. சிறுத்தை விட்டது ஒரே அடிதான்.

காட்டுப்பன்றி மட்டும் நொண்டிக்கொண்டே தப்பியது. "நன்றி கெட்ட குருவி! ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று அது இன்றைக்கும் புலம்புகிறது. நன்றியைப் பற்றி யார் பேசுவது பாருங்கள்!

ஆட்காட்டி வேறு குளத்துக்குப் போய்விட்டது.

தன் நாக்கு ருசிக்காக அடுத்தவர் குடியைக் கெடுப்பவனுக்கு, ஆபத்து வரும்போது குரல் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.