கூழைக்கடா வாயைத் திறந்த கதை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதையில் வருகிற வெடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், விவரம் கேட்காது.

கரட்டேரி என்று ஒரு ஏரி. ஏரியைச் சுற்றிக் காடு. அந்தக் காட்டுக்கு வேட்டைக்காரன் ஒருத்தன் வந்தான். வந்தவன் பார்க்காமல் குளவிக்கூட்டில் சாய்ந்துவிட்டான். துப்பாக்கியை ஒரு பக்கமும் வெடிமருந்து மூட்டையை ஒரு பக்கமும் போட்டுவிட்டு ஓடினவன்தான். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

துப்பாக்கி கட்டைவால் குரங்கின் கையில் சிக்கியது. அப்புறம் கேட்கவா வேணும்? குட்டிக்குப் பேர் வைத்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. காது குத்தினால் ஒரு வெடி. யாராவது தும்மினால், "நூறு வயசு!" என்று ஒரு வெடி.

ஏரிக்கரைப் புல்லுக்குள் செவந்தி என்ற கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெடி கேட்கும்போதெல்லாம் பதறிப் பறக்கும். அப்படிப் பறந்தபோது ஒருதரம் கால் தட்டி ஒரு முட்டை உருண்டு உடைந்தது. மற்ற முட்டைகள் சூடு ஆறி ஆறிக் கிடந்தன. இப்படியே போனால் ஒரு குஞ்சுகூடப் பொரியாது.

செவந்தி நேரே குரங்கிடம் போனது.

"அண்ணே, அதைக் கொஞ்சம் கீழே வையுங்களேன். என் முட்டையெல்லாம் வீணாப் போகுது!"

"சுடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்லை."

"அப்ப காதைப் பொத்திக்க!"

"பொத்திக்கக் கை இல்லையே அண்ணே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? கை வளருதான்னு பாரு!" டமார்!

செவந்தி யானையிடம் ஓடியது. காட்டில் சட்டத்தைக் காப்பது யானைதான்.

"சபையில சட்டம் போடட்டும்மா, ஒரே இழுப்புல பிடுங்கிடறேன். சட்டம் இல்லாம என் தும்பிக்கை நீளாது. உங்க உறுப்பினரைப் போய்ப் பாரு!"

கரட்டேரிக்குச் சபை உறுப்பினர் யார்? கூழைக்கடா. வெள்ளை வெளேரென்ற உடம்பு. அலகுக்குக் கீழே பெரிய பை. அந்தப் பையைக் காட்டித்தான் ஓட்டே கேட்டது. "உங்க குறை மொத்தமும் இதுல அடங்கும்!" என்றது. ஓட்டும் விழுந்தது. பதவிக்கு வந்த நாளாய் அந்தப் பையில் மீன்தான்.

செவந்தி பூவரச இலையில் நகத்தால் மனு கீறி எடுத்துக்கொண்டு போனது. வாசலில் உதவியாளர் ஓணான். யார் என்ன சொன்னாலும் அது தலையாட்டும். அந்தத் திறமைக்குத்தான் வேலையே கிடைத்தது.

"தலைவரே, துப்பாக்கிக்கு ஒரு சட்டம் வேணும். சபையில நீங்க பேசணும்!"

கூழைக்கடா இலையை வாங்கி அலகின் இடுக்கில் செருகிக்கொண்டது. "ம்ம்ம்," என்றது.

"பேசுவீங்களா?"

"ம்ம்ம்."

ஓணான் செவந்தியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு சொன்னது: "பேசணும்னா வாயைத் திறக்கணும். வாயைத் திறந்தா மீன் விழுந்துடும். புரியுதா? அதுவுமில்லாம, தலைவர் வந்தா ஒரு வெடி, போனா ஒரு வெடின்னு குரங்கு மரியாதை செய்யுது. அதைப் போய் யாராவது நிறுத்துவாங்களா?"

செவந்தி கூட்டுக்குத் திரும்பியது. முட்டைமேல் உட்கார்ந்து யோசித்தது. பிறகு எழுந்து குரங்கைத் தேடிப் போனது.

"அண்ணே, தலைவரோட கட்சியில உங்களுக்கு இன்னும் ஒரு பதவி கிடைக்காதது ஏன் தெரியுமா?"

குரங்குக்குச் சுருக்கென்றது. "ஏன்?"

"தலைவர் வந்தா சுடறீங்க, போனா சுடறீங்க. அவர் சாப்பிடும்போது சுட்டீங்களா? தலைவர் தண்ணியில அலகை வைக்கறப்போ ஒரு வெடி! எடுக்கறப்போ ஒரு வெடி! இப்படி ஒரு மரியாதை எந்த ஏரியில நடந்திருக்கு?"

"அட! இது எனக்குத் தோணாமப் போச்சே!"

கூழைக்கடா மீன் பிடிப்பது எதிர்க்கரை மதகுப் பக்கம். குரங்கு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனது. சத்தம் தூரப் போனதும் முட்டைக்குக் கொஞ்சம் சூடு ஏறியது.

மறுநாள் காலை கூழைக்கடா தண்ணீரில் அலகை வைத்தது.

டமார்! "தலைவர் வாழ்க!"

மீனெல்லாம் சேற்றுக்குள் பாய்ந்தன. கூழைக்கடா பல்லைக் கடிக்கப் பார்த்தது. பல் இல்லை. இன்னொரு இடத்தில் அலகை வைத்தது. டமார்! "வாழ்க! வாழ்க!"

வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மரியாதையை வேண்டாம் என்று சொன்ன தலைவர் உண்டா? பொழுது சாய்ந்தது. பை தொங்கிப் போனது.

"பசிக்குதுடா," என்றது கூழைக்கடா. ஓணான் தலையாட்டியது.

அடுத்த நாள் சபை கூடியது. கூழைக்கடா எழுந்தது. வாயைத் திறந்தது! மொத்தக் காடும் எட்டிப் பார்த்தது. உள்ளே மீன் இல்லை. மீனுக்குப் பதிலாக, அலகின் இடுக்கில் சிக்கிக் கிடந்த பழைய மனுக்கள் பொலபொலவென்று கொட்டின. ஏரி தூர்வாரச் சொல்லித் தவளைகள் கொடுத்தது, இடிந்த வளைக்கு நண்டு கொடுத்தது, எல்லாம் ஈரம் காயாமல் இருந்தன.

"நான் சாப்பிடும்போது யாரும் சுடக்கூடாது!" என்று கத்தியது கூழைக்கடா. "இது சட்டம்!"

செவந்தி கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தது. "தலைவரே, நீங்க எப்பெல்லாம் சாப்பிடுவீங்க?"

"இதென்ன கேள்வி? எப்பவும்தான்!"

"அப்ப எப்பவுமே சுடக்கூடாது. சரிதானே ஓணான் அண்ணே?"

ஓணான் தலையாட்டியது. சட்டம் நிறைவேறியது.

யானை ஒரே இழுப்பில் துப்பாக்கியைப் பிடுங்கிச் சேற்றில் மிதித்தது. "அப்ப என் பதவி?" என்று கேட்டது குரங்கு. அதற்கும் ஓணான் தலையாட்டியது.

கூழைக்கடா மீன் ஞாபகத்தில் வாயை மூடப் போனது. செவந்தி ஓடிப்போய் ஒரு குச்சியை எடுத்து, திறந்த அலகுக்கு நடுவில் செங்குத்தாக முட்டுக் கொடுத்தது.

"தவளையக்கா, நண்டண்ணே, உங்க மனுவைப் பொறுக்கிட்டு வாங்க! அடுத்தது உங்களுதுதான்!" என்றது. சொல்லிவிட்டு முட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஊர் வலி தலைவருக்குப் புரியவேண்டுமானால், அதைக் கொண்டுபோய் அவர் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டும்.