குலுக்கு டார்ச்சில் ஓடிய மான்கள்

மலைக்குகைக்கு வருகிறவர்களுக்குப் பாறை ஓவியங்களைக் காட்டுவது குயிலம்மாளின் வேலை. புதிதாக வந்த அதிகாரி திருஞானம் அவளிடம் ஒரு குலுக்கு டார்ச்சை நீட்டினார்.

“இதுக்குப் பேட்டரியே வேணாம். குலுக்கினா எரியும். இதை வெச்சுக் காட்ட முடியாதுன்னா வேலையை விட்டுட்டுப் போ.”

“காட்டிடலாம் ஐயா. முதல்ல உங்க கையாலயே ஆரம்பிச்சு வைங்க.”

பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் அவர் பெருமையோடு குகைக்குள் நடந்தார். குலுக்கக் குலுக்க, ஆடும் வெளிச்சத்தில் பாறையில் வரைந்த மான்கள் கனவில் வருவதுபோல் ஓடின. கை ஓய்ந்ததும் வெளிச்சம் மங்கி, மான்கள் இருளில் கரைந்தன.

“நிறுத்தாதீங்க ஐயா, மான் போயிடுது!” என்றாள் குயிலம்மாள்.

குலுக்கினார். மங்கியது. மறுபடி குலுக்கினார். கடைசியில் கும்மிருட்டில் அவர் குரல் மட்டும் மூச்சிரைக்கக் கேட்டது:

“நாளைக்கே பேட்டரி டார்ச் வந்துடும். இப்போ வெளியே போற வழி எந்தப் பக்கம்மா?”