கீரியும் பாம்பும் சேர்ந்து நடத்திய மின்மினிக் கடை

குளக்கரை மருதமரத்துப் பொந்தில் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி, கடை வைத்திருந்தது. பெயர் சுருளி. காட்டில் எல்லோருக்கும் அவள் சுருளியக்கா.

அவள் கடையில் தேனும் இல்லை, கிழங்கும் இல்லை. அவள் விற்றது விளையாட்டு!

காய்ந்த சுரைக்குடுக்கையின் வயிற்றில் வட்டமாக ஒரு சன்னல் வெட்டி, சிலந்தி வலையைத் திரையாகக் கட்டியிருப்பாள். உள்ளே மின்மினிகள் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறார்களே, அதே கதைதான். குடுக்கையின் வலப்பக்கம் தட்டினால், மின்மினிகள் வரைந்த ஒளிக்குரங்கு வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் ஓடும். இரண்டு பக்கமும் சேர்த்துத் தட்டினால் முதலையின் முதுகைத் தாண்டிக் குதிக்கும். தவறினால் முதலை லபக்கென்று விழுங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். முயல்களுக்கு அந்தக் குடுக்கை கிடைத்துவிட்டால் பசியாவது தூக்கமாவது!

பூச்சி தின்கிறவர்களை நம்பி மின்மினியை ஒப்படைக்க முடியுமா? அழுங்கு எறும்பையும் கறையானையும் தவிர வேறெதையும் தொடாது. அதனால் அந்தத் தொழில் அவளுக்கு நன்றாகவே பொருந்தியது.

அவள் கடையில் ஒரு குடுக்கையைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் குரங்கும் முதலையும் என்றால், இன்னொன்றில் மலையேறும் ஆடு, வேறொன்றில் தேன்கூட்டைக் காக்கும் கரடி. ஆட்டத்தை முடித்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போவார்கள். முடிக்க முடியாதவர்கள் மூக்கால் அழுதுகொண்டு வருவார்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய் என்று சுருளி கேட்பாள். மூன்றாவது பாலம் என்று பதில் வந்தால், அந்தப் பாலத்தை ஏற்கெனவே தாண்டியிருந்த மரநாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பாள். கடை வாசலில் எப்போதும் இப்படி நாலு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குடுக்கைகள் தத்தம் இஷ்டத்துக்கு மினுங்கும். ஒன்று அணையும்போது இன்னொன்று எரியும். ஆகவே அந்தக் கடை ஒரு கண் இமைக்கும் நேரம்கூட இருண்டதில்லை. கடை வைத்து எத்தனையோ வருடம் ஆகியும், காலையில் தட்டியைத் தூக்கும்போது சுருளிக்கு உடம்பு சிலிர்க்கும். "இத்தனூண்டு பூச்சிக்குள்ள இவ்வளவு வெளிச்சத்தை யாரு வெச்சது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

காட்டில் அப்படிப்பட்ட சின்னக் கடைகள் பல இருந்தன. கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோடையின் முதல் தூறல் விழும் அந்தியில் எல்லோரும் குடுக்கைகளைக் குளக்கரைக்குத் தூக்கி வந்து, அடைப்பைத் திறந்துவிடுவார்கள். மின்மினிகள் கிளம்பிப் போய் கரையிலுள்ள நாவல் மரத்தில் மொய்க்கும். இந்தக் கடைப் பூச்சியும் அந்தக் கடைப் பூச்சியும் கலக்கும். பிறகு பிடித்த குடுக்கையில் போய் அடையும். யாருடையது யாரிடம் போனது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. மறுநாள் தட்டிப் பார்த்தால், அதுவரை யாரும் கண்டிராத ஆட்டம் ஒன்று உள்ளே இருக்கும். காட்டுக்குப் புது ஆட்டங்கள் வந்ததெல்லாம் அப்படித்தான்.

சின்னக் கடைகள் போக, காட்டுப் பாதை நெடுகக் கீரியாருக்குக் கடைகள் இருந்தன. பாம்பாருக்கும் இருந்தன. கீரியார் எங்கே கடை வைத்தாலும் அதற்கு நேர் எதிரே பாம்பார் ஒன்று வைப்பார். இவர் ஒரு நெல்லிக்காய் இனாம் என்றால் அவர் இரண்டு என்பார். கீரியும் பாம்பும் போல என்று சும்மாவா சொன்னார்கள்! அந்தச் சண்டையில் காட்டுக்குத்தான் லாபம். சின்னக் கடைக்காரர்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இருவருக்கும் நேரமில்லை.

ஒருநாள் ஒரு செய்தி வந்தது. கீரியாரும் பாம்பாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்களாம்!

யாரும் நம்பவில்லை. பார்த்துவிடலாம் என்று எல்லோரும் குளக்கரைக்கு ஓடினார்கள். பாறைமேல் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். பாம்பார் கீரியாரின் கழுத்தில் மாலையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கீரியார் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். யானை, தும்பிக்கையில் எடுத்த தழையை வாயில் வைக்க மறந்து நின்றது. சுருளிக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. உலகத்தில் நடக்காதது என்று அவள் நினைத்திருந்த ஒன்று, கண்ணெதிரே மாலை போட்டு நின்றது.

"இனிமே காட்டுக்கே ஒரே கடைதான்," என்றார் கீரியார். "எங்க போனாலும் அதே ஆட்டம், அதே விலை."

அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. எதிரெதிரே இருந்த கடைகளில் ஒன்றை மூடினார்கள். எதிர்க்கடை இல்லாததால் நெல்லிக்காய் இனாமும் நின்றது. அதிகம் விற்றது முதலை ஆட்டம்தான் என்று கண்டு, மற்ற ஆட்டங்களைத் தூக்கிப் போட்டார்கள். அந்த ஓர் ஆட்டத்தின் மின்மினிகளைப் பெருக்கி எல்லாக் குடுக்கைகளையும் நிரப்பினார்கள். முதல் தூறலில் திறந்துவிடும் வழக்கம் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சொந்தச் சரக்கை எவனாவது காற்றில் விடுவானா? ஒவ்வோர் அடைப்பையும் தேன்மெழுகு பூசி இறுக மூடிவிட்டார்கள்.

அப்புறம் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின. சுருளியின் பக்கத்துக் கடைக்காரன் முள்ளன் என்ற முள்ளம்பன்றி. அவனும் குடுக்கைகளைக் கொடுத்துவிட்டு, பச்சை இலைத் தொப்பி போட்டுக்கொண்டு அவர்கள் கிளைக்கடையில் வேலைக்குப் போனான்.

ஒருநாள் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "எந்த இடத்துல மாட்டிக்கிட்டேன்னு யாரையும் கேக்கக் கூடாதாம்க்கா. கேட்டா நேரம் வீணாம்," என்றான். சுருளிக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவளிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கடை வாசலில் ஈ காக்கைகூட இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கீரியார் வந்தார். தேனொழுகப் பேசினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல, சுருளியின் குடுக்கைகளும் அவர்கள் குடுக்கைகளோடு சேர்ந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். மலைக்குகையில் சரக்கு வைத்திருக்கிறோம், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கையோடு அழைத்துப் போனார்.

குகை வாசலிலேயே சுருளி நின்றுவிட்டாள். வானத்தை வாரிக் கொண்டுவந்து உள்ளே கொட்டினாற்போல் இருந்தது. தரையிலிருந்து உச்சிவரை குடுக்கைகள். அத்தனையிலும் அதே குரங்கு, அதே முதலை. எல்லாக் குரங்குகளும் ஒரே நொடியில் குதித்தன. எல்லா முதலைகளும் ஒரே நொடியில் வாய் பிளந்தன. அவளுக்குக் கைகூப்ப வேண்டும்போல் இருந்தது. இதன் முன்னால் நம்முடையதெல்லாம் ஒரு கடையா என்று தோன்றியது. சரி, கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தாள்.

அப்போது அத்தனை ஒளியும் ஒன்றாக அணைந்தது. கும்மிருட்டு! சுருளி தன்னை அறியாமல் பந்தாகச் சுருண்டுகொண்டாள். அவள் தலையை நீட்டுவதற்குள் குகை மறுபடி ஜொலித்தது.

"பயந்துட்டீங்களா?" என்று சிரித்தார் கீரியார். "எல்லாம் ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். ஒழுங்குன்னா இதுதான் ஒழுங்கு."

சுருளி அசையாமல் நின்று கவனித்தாள். குகை அடுத்த முறை இருண்டது. அதற்கடுத்த முறையும் இருண்டது. ஒளி திரும்பி வர ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

"இருட்டு நீண்டுக்கிட்டே போற மாதிரி இருக்கே, ஐயா?"

"இருட்டை யாரும்மா விலை கொடுத்து வாங்குறா? நீங்க வெளிச்சத்தைப் பாருங்க."

முதல் தூறல் விழட்டும், அன்றைக்கு என் பூச்சிகளைத் திறந்துவிட்ட பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுருளி மலையிறங்கினாள். கீரியாரின் கண்கள் சுருங்கின. திறக்கிற அன்றைக்கே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் இவளிடம் கேட்கவே வேண்டாமே என்று, கழுத்தில் சுற்றியிருந்த பாம்பார் அவர் காதில் ஊதினார்.

குளத்தைச் சுற்றி மறுநாளே பெரிய பெரிய வெற்றுக் குடுக்கைகள் தொங்கின. வாயெல்லாம் தேன் தடவியிருந்தது. யாருக்காகத் தொங்குகிறது என்று சுருளிக்குப் புரியாமல் இல்லை. திறந்துவிட்டால் பூச்சிகள் அவர்கள் பக்கம் போய்விடலாம். அவளுடைய கடையே போய்விடும். திறக்காமல் பொத்திவைத்தால், கலக்காத பூச்சிகளின் ஒளி மங்கி, குகையின் இருட்டு அவள் கடைக்கும் வந்துவிடும். பயத்தில் அவளுக்கு எறும்புகூட இறங்கவில்லை.

மேகம் கறுத்தது. முதல் தூறல் விழுந்தது. சுருளி குடுக்கைகளைக் குளக்கரைக்குத் தூக்கி வந்தாள். வேறு எந்தக் கடைக்காரரும் வரவில்லை. நாவல் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மின்மினிகள் கிளம்பின. அத்தனை பெரிய மரத்துக்கு அவை ஒரு கைப்பிடிகூட இல்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தேன் தடவிய குடுக்கைகளின் பக்கம் தாழப் பறந்தன. பாறைமேல் கீரியாரும் பாம்பாரும் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். சுருளி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் பனித்துளி குடித்து வாழும் மின்மினிக்குத் தேன் எதற்கு? குடுக்கைகளின் வாயில் மொய்த்திருந்ததெல்லாம் கட்டெறும்பு! மின்மினிகள் விலகி மேலே ஏறின.

கீரியார் முகம் தொங்கியது. அதைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மலைக்குகையின் ஒளி தூரத்தில் எரிந்து எரிந்து அணைவதைக் காடே தினமும் பார்க்கும். அன்று அணைந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அது திரும்ப எரியவில்லை. முயல்களின் மடியில் இருந்த குடுக்கைகளும், கிளைக்கடைகளில் அடுக்கியிருந்த குடுக்கைகளும் அதே நொடியில் இருண்டன. ஒரே ஈற்றில் பிறந்த பூச்சிகள், ஒன்றாகவே மூப்படைந்துவிட்டன.

குட்டிகள் அழத் தொடங்கின. இருண்ட குடுக்கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லோரும் குளக்கரைக்கு வந்தார்கள்.

மெழுகு பூசச் சொன்னது நீதானே என்று கீரியார் சீறினார். ஒரே ஆட்டம் போதும் என்றது யார் என்று பாம்பார் படமெடுத்தார்.

சுருளி இருவருக்கும் நடுவே போய் நின்றாள். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. முதல்ல மெழுகை உடைங்க."

"உடைச்சா சரக்கு பறந்துடுமே!" என்றார் பாம்பார்.

"உடைக்கலைன்னா பிணம்தான் மிஞ்சும், ஐயா."

முதலில் அசைந்தது முள்ளன். இலைத் தொப்பியைக் கழற்றிக் குளத்தில் எறிந்தான். தன் முதுகு முள் ஒன்றைப் பிடுங்கி, கையிலிருந்த குடுக்கையின் மெழுகைக் குத்தித் திறந்தான். அதைப் பார்த்து மரநாய் நகத்தால் கீறியது. யானை காலால் மெல்ல அழுத்தி உடைத்தது. மலையிலிருந்த குடுக்கைகளையும் உருட்டிக் கொண்டுவந்து உடைத்தார்கள். பல குடுக்கைகளிலிருந்து தூசிதான் கொட்டியது. சிலவற்றிலிருந்து ஒன்றிரண்டு பூச்சிகள் தள்ளாடி வெளியே வந்து, மெல்ல மேலே ஏறின.

அப்புறம் நடந்ததைச் சுருளி சாகும்வரை மறக்கவில்லை. நாவல் மரத்தில் ஓர் இலை ஒளிர்ந்தது. பிறகு ஒரு கிளை. சுருளியின் பூச்சிகள் தத்தம் இஷ்டத்துக்கு மினுங்க, ஒழுங்காக அணைந்தே பழகிய பூச்சிகளும் ஒவ்வொன்றாகத் தாளம் தப்பி மினுங்கத் தொடங்கின. சற்று நேரத்தில் மரம் முழுவதும் எரிந்தது. அடியிலிருந்து உச்சிவரை ஒரு நொடிகூட இருளவில்லை. குளத்துத் தண்ணீரில் இன்னொரு மரம் தலைகீழாக எரிந்தது. அழுத குட்டிகள் அழுகையை மறந்தன. கீரியாரும் பாம்பாரும் வாய் பிளந்து நின்றார்கள். தங்கள் கையில் இருந்தது என்ன என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மின்மினிகள் இறங்கி, அவரவர் மடியில் திறந்திருந்த குடுக்கைகளில் அடைந்தன. யாருடையது யாரிடம் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சுருளி ஒரு குடுக்கையைத் தட்டிப் பார்த்தாள். குரங்கும் இல்லை, முதலையும் இல்லை. ஒரு குட்டி யானை மேகத்தின்மேல் கால் வைத்து நடந்தது!

முள்ளன் தன் பழைய கடையைத் திறந்தான். இன்னும் சிலர் திறந்தார்கள். எல்லோரும் திரும்பவில்லை; சில பொந்துகள் இன்றும் காலியாகத்தான் கிடக்கின்றன. கீரியாரும் பாம்பாரும் அன்றே பிரிந்து, மறுபடி எதிரெதிரே கடை போட்டு முறைத்துக்கொண்டார்கள். நெல்லிக்காய் இனாமும் திரும்பி வந்தது. இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்த்து ஒரு காடே சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். தேன் தடவிய குடுக்கைகளில் மொய்த்த எறும்புகளைச் சுருளி ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டாள்.

ஊர் விளக்கெல்லாம் ஒரே கையில் சேர்ந்தால், அந்தக் கை தவறும் நாளில் ஊரே இருண்டுபோகும்.